பாசிப்பயற்றின் மேல் அனலின்

லெய்ட்டே, பிலிப்பைன்ஸ்,
சனிக்கிழமை.

அன்புள்ள மிண்டாவுக்கு,

நானும் நம் பெண் அனலினும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் நலம். உன் எஜமானியம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? கண்விழித்துப் பார்த்து நீயும் படுத்துவிடாதே. ஹாங்காங்குக்குத் திரும்பும் டெலியாக்காவிடம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமென்றால் அனலின் என்னை ஒட்டிக்கொண்டே நிற்கிறாள். செய்தி வந்தாலும் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள்.

உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கான பிள்ளை வளர்ப்பு வகுப்புக்கு மாதாமாதம் நீ போவாயே, இப்போது நான் போகிறேன். கூடைப்பந்து மைதானத்துக் கூரையடியில் முப்பது பெண்கள், நான் ஒருவன். முதல் நாளே ஒருத்தி, "மீசை வச்ச அம்மா ஒண்ணு வந்திருக்கு, நல்ல நாற்காலியா போடுங்கடி" என்று கத்தினாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பிள்ளைகளை அடிக்காதீர்கள், பயற்றைப் பரப்பி அதன்மேல் முட்டி போட வைக்காதீர்கள் என்றாள். நீ வகுப்பிலிருந்து வந்து இதையே சொன்னபோதெல்லாம் நான் காதில் வாங்கவில்லை. என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார், வேறு வழி உண்டென்றே எனக்குத் தெரியாது. அடிப்பதையும் முட்டி போட வைப்பதையும் அன்றோடு விட்டுவிட்டேன். ஆறு மாதமாகிறது. அனலின் தட்டை உடைத்தபோதுகூட பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது.

போன மாதம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிவிட்டதாகச் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். மறுநாள் சாயங்காலம் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், வெள்ளிக்கிழமை சமையலுக்கு வைத்திருந்த பயற்றைத் தரையில் கொட்டி, அனலின் அதன்மேல் முட்டி போட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். யார் போடச் சொன்னது என்று பதறிக் கேட்டேன். "நீங்கதான் இப்பல்லாம் தண்டிக்கிறதே இல்லையேப்பா. அதான் அம்மா வரல. நானே போட்டுக்கறேன்" என்றாள்.

மிண்டா, அது நான் சொன்ன வார்த்தை. நீ விமானம் ஏறிய வாரத்தில் அழுகையை நிறுத்தாமல் படுத்தினாள். "சேட்டை பண்ணினா அம்மா வரவே மாட்டா" என்று சொல்லித் தொலைத்தேன். எட்டு வயதுக் குழந்தை அதை இரண்டு வருடமாக மனதில் வைத்திருக்கிறது. அப்பா பொய் சொன்னேன் கண்ணு என்று நூறு தடவை சொல்லிவிட்டேன், நம்பமாட்டேன் என்கிறாள். பயற்றை ஒளித்துவைத்தால் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வருகிறாள். முட்டித் தோல் உரிந்துபோயிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வகுப்புப் பெண்ணிடமே போய் அழுதேன். "அவ அம்மா வாயால சொன்னாத்தான் ஆறும்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை. பூங்காவில் தோழிகள் நடுவிலிருந்து பேசாதே, தனியாக ஒரு இடம் பார்த்துக் கூப்பிடு. எப்போது வருவாய் என்று சொல்ல வேண்டாம், உன்னால் முடியாததை நான் கேட்கவில்லை. நீ வீட்டைவிட்டுப் போனது அவளால் இல்லை என்று மட்டும் சொல். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
எலிசியோ