புளியங்கொட்டை நிறம்

பூந்தமல்லி,
22-7-1943.

ராஜசேகரனுக்கு,

திருவேங்கடம் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. இவ்விடத்தில் யாவரும் என்பது நான் ஒருவன்தான். என் க்ஷேமத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முதலில் உன்னை ‘நீங்கள்’ என்று விளித்து ஒரு காகிதம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது கடன்காரனுக்கு எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பேசாதவனை எப்படி அழைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இதைக் கொண்டுவருகிறவர் ஜேசுராஜ். அம்பத்தூர்க்காரர், ரயில்வேயில் வேலை. அவரிடம் இருக்கும் தகரக் குழலில் ஒரு படம் இருக்கிறது. கடிதத்தை முழுதும் படித்துவிட்டு அதைத் திற. படிக்காமல் பார்த்தால் பயம் தட்டும். ஏற்கெனவே ஒருத்தி பார்த்துப் பயந்திருக்கிறாள்.

போன வருஷம் பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து குவிந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திறந்தபோது சித்திர வகுப்பு இல்லை. யுத்த காலத்துக்குச் சித்திரம் அவசியமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷ உத்தியோகம் ஒரு வரியில் தீர்ந்தது. இப்போது ஆவடி ராணுவ முகாமில் மரப்பெட்டிகளுக்கு எண் எழுதுகிறேன். எண்கள் நேராக இருப்பதாக ஒரு சார்ஜண்ட் பாராட்டினான். சித்திரப் பள்ளியில், நம் வகுப்பில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளானூரில் முத்தம்மாள் என்று ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள். அவள் மகன் வேம்புலி ராணுவத்தில் லாரி ஓட்டப் போனவன். மலேயாவில் இருந்தான். சிங்கப்பூர் விழுந்த பிறகு ‘காணவில்லை’ என்று ஒரு கடுதாசி வந்தது. பதினேழு மாதமாக வேறு ஒன்றும் இல்லை. போவதற்கு முன் இங்கே எடுத்த சிறிய போட்டோ ஒன்று இருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு முகம், அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கி, வர்ணத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். பிள்ளையின் கலர் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறதாம். என்னிடம் நீர்வர்ணத்துக்கான வாட்மன் காகிதம் ஒரே தாள் மிச்சம் இருந்தது. சீமையிலிருந்து இனி எப்போது வருமோ தெரியாது. அந்தத் தாளில்தான் தொடங்கினேன்.

எப்படித் தொடங்கியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு நாம் இருவரும் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? உழவர்கள் குளித்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். கறுத்த தோல், ஈரம், உச்சி வெயில். அவர்கள் தோளிலும் நெற்றியிலும் வானம் நீலமாக உட்கார்ந்திருந்ததை நான்தான் உனக்குக் காட்டினேன். நம் வாத்தியார் துரை தன் புத்தகத்தில் இருந்தபடி ரோஜாவும் மஞ்சளும் முதலில் பூசச் சொல்லுவார். நம் ஜனங்கள் முகமெல்லாம் செங்கல்லாக முடியும். நான் முதலில் கோபால்ட் நீலமும் பச்சைமண் சாயமும் கலந்து நிழல்களில் மெல்லிதாகப் பூசி, காய்ந்த பின் மேலே சூடான நிறத்தைக் கண்ணாடிபோல் ஓட்டினேன். அடியிலிருக்கும் குளிர்ச்சி எட்டிப்பார்க்கும்போதுதான் மேலே இருக்கும் நிறம் தோலாகிறது. ஒரு வருஷம் திணறிக் கண்டுபிடித்தது அது. நீ வகுப்பு முழுதும் கேட்க, “மாமே, உன் ஆளுங்க எல்லாம் கெணத்துல உயுந்து மூணு நாளாச்சு போல கீது” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். படிப்பு முடியும் வரை எனக்குப் ‘பொண மேஸ்திரி’ என்றே பெயர்.

கடைசிப் பரீட்சையில் நீ அதே நீலத்தைப் போட்டாய். எங்கே கற்றாய் என்று துரை கேட்டதற்கு, நானாகக் கண்டது என்றாய். நான் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். நீ பம்பாய் போனாய், நான் பூந்தமல்லி வந்தேன். போன வருஷம் ஒரு பத்திரிகையில் உன் படம் ஒன்று வர்ணத்தில் வந்திருந்தது. மீன்காரி ஒருத்தி. அவள் தாடைக்கடியில் என் நீலம் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. சொல்லாமல் மேலே எழுதக் கை வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் முத்தம்மாள் சொல்லாமல் வந்துவிட்டாள். பலகையில் அடிப்பூச்சு மட்டும் முடிந்து படம் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு, “எம்புள்ள பூட்டான்னு உனுக்குத் தெரிஞ்சுகீது வாத்தியாரே. வாயால சொல்ல மனசு வராம படத்துல எய்திக்கினு கீற” என்றாள். நான் விளக்குவதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். படிக்காதவள், அடிப்பூச்சு என்றால் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நான் ஆவடியில் பெட்டிக்கு எண் எழுதுகிறவன் என்பது ஊருக்கு முழுதாகத் தெரியாது. ராணுவ ஆபீஸில் பெயர் எழுதுகிறவன் என்றுதான் தெரியும். ஆகவே, செத்தவர்கள் ஜாபிதாவை வாத்தியார் பார்த்துவிட்டார் என்று வெள்ளானூர் முடிவு செய்துவிட்டது. இரண்டாம் நாள் அயனம்பாக்கத்திலிருந்து வேம்புலியின் மச்சான் தங்கவேல் ஆட்களோடு வந்து இறங்கினான். தன் தங்கை, வேம்புலியின் பெண்டாட்டி தாட்சாயிணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, தாலியைக் கழற்றி, வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. கேள்விப்பட்டு வண்டி பிடித்துப் போனேன்.

எனக்கு ஒரு ஜாபிதாவும் தெரியாது, அது முதல் பூச்சு, மேலே வேறு நிறம் வரும் என்று கூட்டத்தில் சொன்னேன். தங்கவேல், “இன்னா வாத்தியாரே, செவுத்துக்கு நீலம் போட்டா சுண்ணாம்பு எடுப்பா இருக்கும். மனுசன் மூஞ்சிக்குமா போடுவாங்க?” என்றான். சிரிப்பு எழுந்தது. நம் வகுப்பு ஞாபகம் வந்தது. அப்போது, அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தாட்சாயிணி, “துணி வெளுக்கிறதுக்குக் கூடத்தான் நீலம் போடறோம், அண்ணாத்தே. கட்டிக்கினு போறப்ப நீலமா தெரியுது? வெள்ளதான தெரியுது” என்றாள். பரீட்சை முடிந்தபின் துரைக்கு நான் நாலு பக்கம் எழுதி விளக்கியும் புரியாத சங்கதி இது.

தங்கவேல் தங்கையை விட்டுத் திரும்பினான். என்னிடம், “அப்ப மேல்பூச்சு பூசிக் காட்டு. ஆவணி பொறந்து ஒரு வாரம் பாப்பேன். என் மச்சான் மூஞ்சி மனுசன் மூஞ்சியா வந்தா நான் வாயத் தொறக்கல” என்றான். வேம்புலி உயிரோடு இருக்கிறானா என்பதை ஒரு படம் எப்படித் தீர்மானிக்கும் என்று கேட்டிருக்கலாம். நீலத்தைக் கண்டு செத்தான் என்று நம்பியவர்களிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. ஒப்புக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு புளியங்கொட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். போட்டோவில் கலர் இல்லையே, இதுதான் அவர் கலர், வெயிலில் நின்றால் இது, வீட்டுக்குள் வந்தால் ஒரு சாயல் குறையும் என்றாள். வண்டியில் வரும்போது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. புளியங்கொட்டை கறுப்பாக இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கோபால்ட் குழாயை எடுத்தேன். ஒரு வருஷம் வரவேண்டியது, வழித்துத் துடைத்ததுபோல் சப்பையாகக் கிடந்தது. நான் மெல்லிய சாம்பல் பூச்சு என்று நினைத்துப் பூசியதெல்லாம் அந்த முகத்தில்தான் இருக்கிறது. முத்தம்மாள் பார்த்தது சரி. எழும்பூரில் கண் வைத்தியரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. நீலம்தான் முதலில் போகுமாம். இன்னும் பழுக்கவில்லை, இரண்டு வருஷம் போகட்டும், அறுக்கலாம் என்றார். அதுவரை உலகம் பழைய வார்னிஷ் பூசிய படம்போல இருக்கும். பெட்டிக்கு எண் எழுத அது போதும். என் க்ஷேமம் இதுதான்.

வெள்ளானூரில் இதைச் சொல்லவில்லை. மேல்பூச்சுக்குச் சாயம் பம்பாயிலிருந்து வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யாகாமல் இருப்பது உன் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: தூரிகையைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு மூன்றிலும் நீலத்தை ஒற்றி எடு. கோபால்ட் கறை பிடிக்காது, வந்துவிடும். கண்குழி, கீழுதட்டின் அடி, தாடை ஓரம் இங்கே ஒற்றியது தெரியாமல் கொஞ்சம் மட்டும் தணி. காது மடலில் நான் நீலம் போடவேயில்லை, அது வெயில் உள்ளே புகும் இடம். பம்பாயில் இப்போது மழை, இரண்டு நாள் காயவிடு. பிறகு மேல்நிறத்தை ஒரே ஓட்டமாக ஓட்டு. ஓட்டிய இடத்துக்குத் திரும்பிப் போகாதே, அடிநீலம் கிளம்பிச் சேறாகிவிடும். நெற்றியின் மேல்விளிம்பில் ஒரு நூல் நீலம் விட்டுவை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்துக்குப் புளியங்கொட்டையை ஒரு துணியில் முடிந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே, திருப்பித் தர வேண்டும். படத்தில் உன் கையெழுத்துப் போடாதே. என்னுடையதும் வேண்டாம்.

இந்த வேலையைக் கேட்க எனக்கு வேறு ஆள் இருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். நான் அறிந்து இதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ அன்று அதை எடுத்துக்கொள்ளாமல் போயிருந்தால் இன்று ஒருவன்தான் இருந்திருப்பான், அவனுக்கு நீலம் தெரியவில்லை. இதை நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜேசுராஜ் ஆவணி முதல் தேதி அங்கிருந்து கிளம்புகிறார். அவரிடம் கொடுத்துவிடு. நிறம் சரியாக வந்ததா என்று நான் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தைப் பிரித்துத் தாட்சாயிணிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்ப்பேன். அது எனக்கு இன்னும் தெரிகிறது.

உன் கண் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வே. திருவேங்கடம்