பயிற்சிக்கு யார் பெயர்

நீடாமங்கலம்
18.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் ஃபாஜில் தம்பியும் அங்கே நலமாக இருக்க துஆ செய்கிறேன். மாமிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடுவதில்லை, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நம் மகள் இர்ஃபானா எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், கணக்கில் மட்டும் குறைவு. சந்தேகம் வந்தால் அவள் என்னிடம் வருவதில்லை. ரிஃப்கா சாச்சியிடம்தான் போகிறாள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் ஒரு முடிவைச் சொல்லிவிடுவீர்கள். நானும் சரி என்று வைத்துவிடுவேன். இதை முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டும். நம் தெரு மெஹராஜ் பேகம் மாமியின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை சார்ஜா திரும்புகிறார். இஞ்சி மொரப்பாவும் இந்தக் கடிதமும் அவரிடம் வரும்.

மழை பிடித்துக்கொண்டது. குறுவை அறுப்பு இன்னும் பாதி நிற்கிறது. வழக்கம்போல் சாக்கு, கயிறு வியாபாரம் சுமார். தார்ப்பாய் வாடகைதான் கடையைத் தூக்கி நிறுத்துகிறது. எண்பதில் அறுபத்தேழு இன்று வெளியே இருக்கின்றன.

பத்து நாளைக்கு முன்னால் நீங்கள் ஒரு வேலை சொன்னீர்கள். கடைக் கணக்குச் சாப்ட்வேரை நீதான் கற்றுக்கொண்டுவிட்டாயே, ரிஃப்கா இனி கடைக்கு வரவேண்டாம், வீட்டில் இருந்து ஃபாஜிலின் பிள்ளையைப் பார்க்கட்டும், பக்குவமாகச் சொல்லிவிடு என்றீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு கடைக்கு வருகிறாள். நான் வாய் திறப்பதில்லை. அதற்குக் காரணம் அவள்மேல் இரக்கம் இல்லை. நீங்கள் அந்த முடிவுக்கு வந்தது நான் சொன்ன ஒரு பொய்யால்.

ஜூலையில் சாப்ட்வேர் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, ரிஃப்காவைக் கேட்டுச் செய், அவளுக்கு இதெல்லாம் தெரியும் என்றீர்கள். நீங்கள் யோசித்துச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்தவள் நான். எந்த வாய்க்கால் விவசாயி எத்தனை தார்ப்பாய் கொண்டுபோனார், எது கிழிந்து வந்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். பி.காம். படித்தவள் வீட்டில் இருக்க, கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பெண்ணைக் கேட்கச் சொன்னீர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு சாப்ட்வேர் காட்டினார்கள். ஒன்று செல்போனிலேயே ஓடுவது, தமிழில் இருந்தது, வாடகைக்கென்று தனிப் பக்கமும் இருந்தது. இன்னொன்று கம்ப்யூட்டரில் ஓடும் பெரியது, எல்லாம் இங்கிலீஷ், மன்னார்குடிக்குப் போய் ஆறு நாள் பயிற்சி எடுக்க வேண்டும், ஒருவருக்குத்தான் இடம். ரிஃப்கா சின்னதைக் காட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"லாத்தா, நம்மது விக்கிற கடையா, வாடகைக் கடையா? அதை வச்சுல்ல வாங்கணும்."

சரியான கேள்வி. அது என் வாயிலிருந்து வரவில்லையே என்பதுதான் என்னைச் சுட்டது. கடை நாளைக்கு வளரும், பெரியதுதான் நல்லது என்று உங்களிடம் சொன்னேன். உண்மையான காரணத்தை இப்போது எழுதுகிறேன். கைக்குழந்தைக்காரி ஆறு நாள் மன்னார்குடிக்குப் போய்வர முடியாது. அதற்காகத்தான் அதை வாங்கினேன்.

பயிற்சியில் நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுத்த ஜெயபாரதி நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் அங்கே வந்தவர்கள் ஜவுளிக்கடை, மளிகைக்கடைக்காரர்கள். வாங்குவது, விற்பது இரண்டைத்தான் நடத்தினார்கள். கொடுத்த பொருள் திரும்பி வருவதை எப்படிப் போடுவது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. மெஹராஜ் பேகம் மாமியும் தெருவில் நிறுத்தி, "என்னம்மா, திரும்பவும் காலேஜில சேந்துட்டியாமே" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

போன மாதக் கடைசியில் ஒரு பகலில் திடீரென்று மேகம் இறங்கியது. மேல வாய்க்கால் ரெத்தினம் ஓடி வந்தார். ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தாராம், எழுபது மூட்டை. "ஒரு நாலு தார்ப்பாய் குடுங்கம்மா, நனைஞ்சா மொளைச்சிப்புடும்" என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இருப்பு ஒன்றுமில்லை என்றது. வாடகைக்குப் போன ஒவ்வொன்றையும் நான் விற்றதாகப் போட்டிருந்தேன். திரும்பி வந்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் போடாமலே விட்டிருந்தேன்.

மாடியில் பதினாலு காயுது லாத்தா என்றாள் ரிஃப்கா. எனக்கும் தெரியும் மச்சான். அன்று காலையில் கழுவி மாடியில் காயப் போட்டதில் பாதி என் கையால் நடந்தது. ஆனாலும் அவளைப் பார்த்து நான் சொன்னேன்:

"சிஸ்டத்துல இல்லைன்னா இல்லைதான்."

ரெத்தினம் கடைப்படி இறங்கிப் போனார். ரிஃப்கா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். மேலிருந்தே தெருவில் தார்ப்பாயை உருட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டாள். சைக்கிள் கேரியரில் அவள்தான் கட்டிவிட்டாள். நான் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை என் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பத்தே நிமிஷத்தில் அப்படி ஒரு மழை. அவர் நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டபோது, கம்ப்யூட்டரில் இல்லாததை நான் நினைவு வைத்து எடுத்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். ரிஃப்கா அதே அறையில் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் குடும்பக் குரூப்பில், என்னதான் மெஷின் வந்தாலும் நம்ம பி.காம். மூளைக்கு ஈடாகுமா என்று போட்டீர்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைப் பற்றி நாலு பேர் அறிய ஒரு வார்த்தை. முதல் ஆளாக அதற்கு இதயம் போட்டவள் அவள்தான். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இந்தப் பொறாமைக்கு நான் பல பெயர் வைத்துப் பார்த்துவிட்டேன். கடைமேல் அக்கறை என்றேன், மூத்தவள் பொறுப்பு என்றேன். எதுவும் ஒட்டவில்லை. வீடியோ காலில் நீங்கள் அவளிடம் கடை எப்படிம்மா போகுது என்று கேட்கும்போது, என்னிடம் அரிசி இருக்கா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிறது. இதற்கு மேல் அதை அலசத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெயபாரதி கூப்பிட்டாள். வாடகை வரவு போக்கைப் போடுவதற்கு அந்தச் சாப்ட்வேரிலேயே வழி இருக்கிறதாம். அடுத்த வாரம் நாலு நாள் பயிற்சி, அதற்கும் ஒருவருக்குத்தான் இடம், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் அனுப்ப வேண்டும் என்றாள். முதலில் என் பெயரைத்தான் போட்டேன். அனுப்பவும் மனமில்லை, அழிக்கவும் மனமில்லை. மூன்று நாள் அப்படியே போனில் கிடந்தது. இன்று ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்தும்போது அழித்துவிட்டு ரிஃப்கா பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். அனுப்பிய பிறகும் நெஞ்சு எரிந்தது.

அவளிடம் சொன்னபோது, பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய மச்சான் சம்மதிப்பாங்களா என்று உங்களை எண்ணித் தயங்கினாள். சம்மதித்துவிட்டார்கள், அவர்கள்தான் உன் பெயரைப் போடச் சொன்னார்கள் என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. இதுவும் நான் சொன்ன பொய்தான். இதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

ஃபாஜில் தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் பரவாயில்லை. தன் மனைவி செய்தது அவருக்கும் தெரியட்டும்.

அன்றைக்கு ரெத்தினம் நெல்லைக் காப்பாற்றியது யார் என்று குரூப்பில் எழுதுங்கள். அவள் பெயரைப் போட்டே எழுதுங்கள். ஆனால் கடிதம் கைக்கு வந்த அன்றே எழுதவேண்டாம், ஒரு நாள் விட்டு எழுதுங்கள். அந்த ஒரு நாள் எனக்குப் போன் பண்ணுங்கள். கடையைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும் எதுவும் கேட்கவேண்டாம். சும்மா பேசுங்கள், போதும்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும். வெயிலில் தலையில் துணி போடாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
ஹமீதா பானு