இழுப்பறையில் இருக்க வேண்டிய கைபேசி

ஜூன் 4

கணினிப் பிரிவுத் தலைவி அம்மாளுக்கு,

அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் உன் ஆட்கள் படிப்பார்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். அலுவலகக் கைபேசி, சொந்தக் கைபேசி இரண்டையும் உங்களிடம் பதிய வேண்டுமாம். சுற்றறிக்கையின் அடியில் உன் கையெழுத்து. மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள், இப்போது என் சட்டைப் பைக்குள் வரப் பார்க்கிறாய்.

கணக்குப் பிரிவே வரிசையில் போய் நின்றது. நான் நிற்கப்போவதில்லை. நின்று நின்று அலுத்துவிட்டது.

பெயரளவில்,
உன் கணவன்

ஜூன் 6

அன்புள்ளவருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சொந்தக் கைபேசியில் அலுவலக அஞ்சலுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்குவோம். மற்ற எதையும் நாங்கள் பார்க்க முடியாது. அலுவலகக் கைபேசிதான் முழுதும் எங்கள் பொறுப்பு. தொலைந்தால் எங்கே கிடக்கிறது என்பதுகூடத் தெரியும். பதியாவிட்டால் திங்கள் முதல் உங்களுக்கு அஞ்சல் நின்றுவிடும். முரண்டு பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மனைவி

ஜூன் 10

அம்மா தாயே,

பதிந்தாயிற்று. உன் ஆள் உதவ வந்தான். "எம்.காம். படிச்சவனுக்கு ரெண்டு போனைப் பதியத் தெரியாதா? போப்பா" என்று அனுப்பிவிட்டேன். அலுவலகக் கைபேசியை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது எங்கே போகிறது என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிரு.

உன் கணவன்

ஜூன் 19

அன்புள்ளவருக்கு,

உங்கள் அலுவலகக் கைபேசி தினமும் மாலையில் வெளியே போவதாக எச்சரிக்கை வந்தது. திருட்டுப் போய்விட்டதோ என்று தேடினேன். நம் மகள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. கடை மூடும்வரை நகரவே இல்லை.

இரண்டையும் மாற்றிப் பதிந்திருக்கிறீர்கள். கம்பெனிக்கு நான் சளைத்தவனா என்று வீம்புக்குச் சொந்தக் கைபேசியையும் அதே மாதிரி, அதே கறுப்பில் வாங்கினீர்களே, அதன் பலன் இது.

இன்று சரிசெய்துவிட்டேன். இனி நீங்கள் போகுமிடம் எனக்குத் தெரியாது. அவளிடமும் சொல்லவில்லை. நம் சண்டையில் என் பக்கம் பேசினாள் என்பதற்காக, "இனி என் மூஞ்சியிலேயே முழிக்காதே" என்றவர் நீங்கள். அவளாக வரமாட்டாள்; பிடிவாதத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். தெருவைத் தாண்டி உள்ளே போங்கள்.

மனைவி

ஜூன் 24

உளவாளிக்கு,

என் பேருந்து அங்கேதான் நிற்கும். அதற்கும் உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

நேற்று தலைவலி மாத்திரைக்காகத்தான் உள்ளே போனேன். "என்ன வேணும் சார்?" என்றாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்த பிறகும், "சாப்பிட்டுட்டுப் போடுங்க சார்." சார்! நல்ல வளர்ப்பு. இனி அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன்.

உன் கணவன்

ஜூன் 25

அன்புள்ளவருக்கு,

கடை முதலாளி பக்கத்திலேயே நின்றாராம்; அதனால்தான் அந்த "சார்". வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பாவுக்கு எதுக்கும்மா தலைவலி? இன்னும் அந்தக் கீறல் விழுந்த கண்ணாடியையே போட்டிருக்காரு. நீயாவது சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

மனைவி

ஜூலை 2

உனக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். பவர் நிறையக் கூடியிருக்கிறதாம். கைபேசிகளை மாற்றிப் பதிந்ததற்கு அதுதான் காரணம். உன் ஆட்களிடம் அப்படியே சொல்லிவிடு. புதுக் கண்ணாடி மூக்கை அழுத்துகிறது. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டில் ஆளில்லை.

அந்த முதலாளி சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? அவளிடம் கேட்டு எழுது.