அறுத்த பெல்ட்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டியாக வேண்டும், வியாழக்கிழமை. தேறாவிட்டால் உடைக்கப் போட வேண்டியதுதான் என்கிறான் குமார், என் வீட்டுக்காரருடைய தம்பி.

இவர் போனது தை மாசம். அதிலிருந்து கார் வேப்பமரத்தடியிலேயே. காக்கா எச்சம் கழுவவே ஒரு பொழுது.

"இன்னாத்துக்கு அண்ணி இத வச்சிக்கினு? யார் ஓட்டப் போறா?"

வேலை முடிந்து ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் தினம் டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அவர் பின்னால் தள்ளி வைத்தது வைத்தபடி இருக்கிறது. நெட்டை மனுஷன். என் கால் பிரேக்கை எட்டாது. இதையெல்லாம் குமாரிடம் எப்படிச் சொல்ல.

ஜூன் 10
பின் கதவில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பட்டி பூசினோம். ஹெட்லைட் பல்பு மாற்றியாச்சு. ஹாரன், வைப்பர் சரி. ஹேண்ட் பிரேக் இறுக்கியாச்சு. மிச்சம் டிரைவர் சீட் பெல்ட்.

இவர் ஓட்டிக்கொண்டு போகையில் நெஞ்சு வலி வந்ததும் காரை ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். அந்த வலியிலும் இண்டிகேட்டர் போட்டிருந்தாராம். பக்கிள் எப்போதும் சிக்கும், அன்றைக்கும் சிக்கியது. பின்னால் வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து யாரோ இறங்கி, தோல் அறுக்கும் கத்தியால் பெல்ட்டை அறுத்து எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

பெல்ட்டைக் குமார் கழற்றிக் கொடுத்தான். பைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 11
சாப்பாட்டு நேரத்தில் இரண்டு துண்டையும் சேர்த்து மிஷினில் தைத்தேன். கெட்டி நூல், நாலு வரிசை. பக்கத்து மிஷின் நசீமா அக்கா ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து இழுத்துப் பார்த்தோம். நூல் அசையவில்லை.

"ரோடு போனாலும் இது போகாதுடி" என்றாள். பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

ஜூன் 12
தேறவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பெல்ட்டை இழுத்தார்.

"யார்மா தச்சது?"

"நான்தான் சார். ஷூ கம்பெனில வேலை."

"தையல் நல்லாத்தான் கீது. ஆனா தச்ச பெல்ட் செல்லாதும்மா. பக்கிளோட புது செட் போட்டுக்கினு திங்கக்கிழமை வாங்க."

கப்பல் ஏறிப் போகிற ஷூவைத் தைக்கிற கை இது. எரிச்சல் வழியெல்லாம் தீரவில்லை.

ஜூன் 14, சனி
ஓவர்டைம். வீட்டுக்கு வந்தால் குமார் புது பெல்ட் மாட்டி முடித்திருந்தான்.

"பக்கிள் போல்ட்டு சீட்டோட ஓரத்துல கீது அண்ணி, கைய உட முடியல. சீட்டயே கழட்டி, தொடச்சி மாட்டிட்டேன். உங்களுக்குத் தோதா முன்னால தள்ளி வச்சிருக்கேன். நீங்களே ஓட்டக் கத்துக்கங்க."

சீட்டுக்கு அடியில் கிடைத்ததை வரிசையாக முன்னால் வைத்திருந்தான். அவர் சீப்பு. ஒரு பேனா மூடி. காய்ந்த எலுமிச்சம்பழம்.

நல்ல மனசோடு செய்தவன். டீ போட்டுக் கொடுத்தேன்.

அவன் போனதும் லீவரைத் தூக்கிச் சீட்டைப் பின்னால் தள்ளினேன். டக், டக் என்று ஒவ்வொரு பல்லிலும் நிற்கிறது. எதில் இருந்தது? இன்னும் பின்னாலா, இவ்வளவுதானா? தெரியவில்லை. தினம் உட்கார்ந்தும் பார்த்து வைக்கவில்லை. அழுதேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சோறு வடித்தேன்.

ஜூன் 16
தேறிவிட்டது. இன்னும் அஞ்சு வருஷம் ஓடலாம். குமார் போன் போட்டு எல்லாருக்கும் சொல்கிறான்.

சாயங்காலம் சீட்டை முன்னால் தள்ளி உட்கார்ந்தேன். கால் பிரேக்கை எட்டியது. புது பெல்ட்டை மாட்டிப் பார்த்தேன். விரல் பட்டதும் பக்கிள் கழன்றது. அன்றைக்கு இப்படிக் கழன்றிருக்கக் கூடாதா.