ஒட்ட விடாத வேலை

வியாழன், இரவு.

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அழற்சி கண்ட சிறுநீரகத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் பசைபோல ஒரு புரதத்தை நீட்டும். வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, உள்ளே புகுந்து, சிறுநீரகத்தையே கெடுக்கும். இன்று லேபில், தட்டில் வளர்த்த குழாய்ச் செல்களின் மேல் அந்தப் புரதத்தை மருந்தால் மூடி, வெள்ளணுக்களை விட்டுக் கழுவினேன். வெள்ளணுக்கள் நழுவிப் போயே போய்விட்டன. மருந்து போடாத தட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

நேராகத் தாராவிக்கு, அண்ணனின் பட்டறைக்கு ஓடினேன். தோல் பையின் கைப்பிடிக்கு சொலூஷன் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒட்டுத சாமானைப் பிடிச்சிட்டேன்."

"எனக்கு ஒரு டப்பா கொண்டா. இந்தக் கைப்பிடி நிக்கவே மாட்டேங்கு."

"ஒட்ட வைக்கதுக்கு இல்லண்ணே. ஒட்ட விடாம தடுக்கதுக்கு. மைனிக்கு இருக்குல்லா, அந்தக் கிட்னி வியாதிக்கு."

பிரஷ் நின்றது. தட்டு வேறு, மனுஷி வேறு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன், உள்ளறையில் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தான். சொலூஷன் டப்பாவை மூடினான்.

"அப்பம் இவளுக்கு ஒட்டுனதையும் சீக்கிரம் பிரிச்சு விட்டுரு, தாயி."