பிரிக்பீல்ட்ஸை அழவைத்த இசைத்தட்டு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

லண்டனில் பிடிலும் கையுமாக இருக்கும் மகன் ரமணிக்கு, அம்மா சீதாலெட்சுமி ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல, தம்பி வாசு எழுதியது. இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வெள்ளைக்கோழி தன் முதல் முட்டையை அப்பாவின் ரயில்வே தொப்பிக்குள் இட்டது, அவரும் கவனிக்காமல் தொப்பியைத் தலையில் வைத்தார். கோழி சுகம், முட்டை சுகமில்லை, மற்ற எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதச் சொல்கிறாள் அம்மா. குளிரில் விரல் வெடிக்காமல் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவும், கம்பியில் படாமல் துடைத்துவிட்டு வாசிக்கவும்.

அண்ணா, உபகாரச் சம்பளம் முடிந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து, இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் எழுதும் புது இசையை ஆராய்ந்து வாசிக்க அனுமதி கேட்டிருந்தாய் அல்லவா, செத்தவர்கள் எழுதியதை வாசித்தாலாவது கேட்க ஆள் வரும், இதை யார் கேட்பார்கள் என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். நீ வாசித்து அனுப்பிய இசைத்தட்டைத் தெருவாருக்குப் போடுவது, நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் நீ ஊருக்குக் கப்பல் ஏறிவிட வேண்டும். ஏற்பாடு முழுவதும் அடியேன். ஜவுளிக்கடை அப்துல் மஜீத் பாயிடம் கிராமபோன் இரவல் வாங்கி, கூடத்தில் மேசை போட்டு, உன் படத்தை ஜோடித்து, சாம்பிராணியும் காட்டினேன். எனக்கே பயம்தான், முதல் தடவை கேட்டபோது நீ சுருதி சேர்க்கிறாய் என்று காத்திருந்தேன், சேர்த்து முடித்ததும் தட்டும் முடிந்துவிட்டது. ஆனால் என்ன சபை! வந்தவர்கள் உன் படத்தைப் பார்த்ததுமே பேச்சடங்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் அசையவில்லை, அம்மா போட்ட காப்பியை ஒருவர் தொடவில்லை. எதற்கும் கலங்காத எதிர்வீட்டு இராமலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். என் மவன் வாசிச்சா ஊரே வாயடைச்சுப் போகுது பாத்தியா என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் இருந்து படிக்கட்டும் என்று அன்றே உத்தரவாகிவிட்டது. எல்லாம் என் சாமர்த்தியம். அம்மா சொல்வது, எனக்கு ஒண்ணும் புரியலைடா, ஆனா வில்லை இழுக்கிறதுக்கு முன்னாடி நீ மூச்சு விடுறது கேட்டுச்சு, அது போதும்.

புதுசு புதுசாக வாசித்து நீ நீடூழி வாழ வேண்டும். மாதம் தவறாமல் எழுது.

இப்படிக்கு,
அம்மா சீதாலெட்சுமி
(எழுத்தும் வாயும் வாசுவுடையவை)

பின்குறிப்பு: உள்ளதை எழுதாமல் தபாலில் போடக் கூடாது என்று அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஜோடித்தேன் என்றேனே, உன் படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தேன். கச்சேரி செய்கிறவருக்கு மாலை போடுவார்களே என்றுதான். வந்தவர்கள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று நினைத்திருக்கிறார்கள், இழவு வீட்டில் நடுவில் யார் எழுந்து போவார்கள்! மறுநாள் செந்தூலிலிருந்து பவுனம்மா அத்தை ஒப்பாரியோடு நுழைந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அப்பா என் காதைத் திருகி, மாலையைக் கழற்றி, அத்தையை உட்காரவைத்துத் தட்டை மறுபடி போட்டார். அத்தை பாதியில் எழுந்து, புள்ளை உசுரோட இருக்கான்ல தம்பி, அது போதும், இதையெல்லாம் யாரு கேக்கிறது என்றாள். நான் கேக்கிறேன்க்கா, நீ போயிட்டு வா என்று சொல்லிவிட்டு அப்பா கடைசி வரை உட்கார்ந்திருந்தார். ஆகவே உத்தரவு அப்படியே இருக்கிறது, என் சாமர்த்தியம்தான் இல்லை. தெருவில் பாதிப் பேர் இன்னும் என்னை நம்பவில்லை அண்ணா, சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பு. சத்தியமாக மாலை போட மாட்டேன்.