உன் சீட்டை நகர்த்திவிட்டேன்

திங்கட்கிழமை

என் டிரைவரம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் எழுதுவாய், தெரிந்ததுதான். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் உண்மையாக எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் தையல் ஆலையில் மணி அடித்துவிடுகிறது. ஐம்பது பெண்களை வேலை வாங்குகிற சூப்பர்வைசர், ஓடித்தான் ஆக வேண்டும். போன வாரம்கூட அப்படித்தான். "இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க, பாப்பா படிப்புக்கு ஆகும், இருபதாம் தேதி கையெழுத்து, கார வித்துடுங்க, சும்மாதான நிக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். நானும் "சரி" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் எனக்குத் தடங்கல் இல்லாமல் வருகிற ஒரே வார்த்தை அதுதானே.

சொன்னபடி எங்கள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே வந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அதனால் பழைய வண்டியானாலும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றார். உன் உயரம்தான் இருப்பார். உன் சீட்டில் உட்கார்ந்ததும் அது அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என்ஜின் முதல் சாவியிலேயே எழுந்துகொண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டு டீச்சர் கியர் லீவரை, வண்டியை நிறுத்தி வைக்கிற 'பி'யிலிருந்து இழுத்தார். வரவில்லை. உடும்புப் பிடி. இரண்டு கையாலும் இழுத்ததும் 'டொக்' என்று வந்து ரிவர்ஸில் விழுந்தது. அங்கிருந்து முன்னால் போகிற 'டி'க்குக் கொண்டுபோவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. "கால் வலிக்குதேன்னு இந்த வண்டியக் கேட்டேன். இது கைவலியையும் சேத்துக் குடுக்கும்போல" என்று இறங்கிவிட்டார். சரிசெய்து வைத்தால் அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மறைக்காமல் சொல்கிறேன். கதவை மூடிவிட்டு வந்து எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம். வண்டி கெட்டுப்போனதற்கு மகிழ்ந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டீ ஆறுவதற்குள் வெட்கமும் வந்துவிட்டது. என்னை நம்பித்தானே விட்டுப் போனாய்? ஒரு குறையும் வைக்கவில்லையே! ஞாயிறு தவறாமல் கழுவுகிறேன், பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன சீட், நீ திருப்பிவிட்டுப் போன கண்ணாடி, எதையும் ஒரு இம்மி நகர்த்தியதில்லை. எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பவனிடமே இப்படி ஆகிவிட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் பக்கத்து சீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை

என் டிரைவரம்மாவுக்கு,

போன கடிதம் தபாலில் வருகிறது. இது அதை முந்திவிடும். உன் லைனில் காலர் தைக்கிற பெண்ணின் அக்கா புதன்கிழமை அங்கே வருகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இருபதாம் தேதிக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். அதற்காக அந்த வீட்டு வாசலில் இரண்டு முறை போய் நின்றேன்.

மெக்கானிக் வந்தார். உன் பழைய ஆலைக்கு எதிரே ஷெட் வைத்திருப்பாரே, நீ 'முணுமுணு' என்று பேர் வைத்தாயே, அவரேதான். கியர் பாக்ஸ் போய்விட்டதா என்று பயந்துகொண்டே கேட்டேன். "லீவர் இறுக்கமா இருந்தா உடனே கியர் பாக்ஸுன்னு சொல்றவன், அப்புறம் உங்க வீட்டு ஜன்னலையும் கழட்டிட்டுப் போயிடுவான் சார். ஒவ்வொண்ணா பாத்துடுவோம்" என்று முணுமுணுத்தார்.

முதலில் என்னை வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்தார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிந்தது. லீவருக்கு அடியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. பிரேக்கை மிதித்தால்தான் 'பி'யை விட்டு வரும்படி அங்கே ஒரு பூட்டு இருக்கிறதாம். விளக்கு எரிந்து, சத்தமும் கேட்டால் பூட்டு திறக்கிறது என்று அர்த்தமாம். அடுத்து, நம் வாசல் சரிவாயிற்றே, வண்டியின் கனமெல்லாம் 'பி'யின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறதோ என்று பார்த்தார். அப்படியென்றால் 'பி'யிலிருந்து எடுக்கும்போது மட்டும்தான் முரண்டு பிடிக்குமாம். நம்முடையது எங்கிருந்து எங்கே தள்ளினாலும் முரண்டு பிடித்தது. அதுவும் இல்லை.

பிறகு சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கி நிறுத்திவிட்டு அடியில் போனார். லீவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற கேபிளைக் கியர் பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டு, என்னையும் குனியச் சொன்னார். குனிந்தால் போதாது, படுக்க வேண்டும் என்றார். படுத்தேன். சட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம். அங்கே சின்னதாக ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரண்டு விரலால் தள்ளினார். வெண்ணெய்போல் நகர்ந்தது. "கியர் பாக்ஸ் நல்லாருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்து உள்ளேயிருக்கும் லீவரை அசைத்தார். அது அப்போதும் நகர மறுத்தது. மூடியைப் பிரித்து அந்த முனையிலும் கேபிளைக் கழற்றியதும், லீவர் குழந்தை கையில் கிலுகிலுப்பைபோல ஆடியது. இரண்டு தலையும் நன்றாக இருந்தால் கோளாறு நடுவில்தானே? கேபிளை உருவி எடுத்தார். முனையிலிருந்த ரப்பர் மூடி வெடித்திருந்தது. உள்ளேயிருந்து துருத் தண்ணீர் சொட்டியது.

"வண்டிய எப்படிக் கழுவுவீங்க?" என்றார். ஹோஸ் வைத்து, அடிப்பக்கம் உட்பட, ஒவ்வொரு ஞாயிறும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"லீவரக் கடைசியா எப்ப அசைச்சீங்க?"

அசைத்ததே இல்லை. ஓட்டத் தெரியாதவன் எதற்கு அதைத் தொட வேண்டும்? "அப்ப ஸ்டார்ட் பண்றப்ப எங்க உக்காருவீங்க?" என்று கேட்டார். என் சீட்டில்தான், அதாவது பக்கத்து சீட்டில், அங்கிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருப்புவேன் என்றேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். உன் சீட்டில் நான் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இடிக்காமல் உட்கார அதைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் நீ வைத்த இடம் போய்விடும். இவ்வளவையும் அவரிடம் சொல்ல முடியுமா?

அவர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுத் தெளிவாகப் பேசினார். "தண்ணி போனதுகூடப் பெரிசில்ல சார். வாரத்துக்கு ஒரு தடவ முன்னயும் பின்னயும் அசைச்சிருந்தா இவ்வளவு இறுகியிருக்காது. நீங்க ரொம்பப் பத்திரமா வச்சிட்டீங்க."

யாரும் எடுக்காத புத்தகத்தில்தான் பூச்சி முதலில் விழும் என்று நூலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

புதுக் கேபிள் வியாழக்கிழமை வந்தது. மாட்டி, லீவர் காட்டுகிற எழுத்தும் கியர் பாக்ஸ் நிற்கிற இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று நாலு முறை சரிபார்த்தார். 'பி'யிலும் நியூட்ரலிலும் மட்டும் என்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள் என்றார். நான் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "அந்தப் பக்கம் இல்ல சார்" என்றார்.

உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அவர் குனிந்து கம்பியை இழுத்துக்கொண்டு சீட்டைத் தள்ளினார். டக், டக், டக், டக். நான்கு. இரண்டு வருடம் இரண்டு மாதமாக நான் காத்ததை அந்த மனிதர் நாலு டக்கில் முடித்துவிட்டார். லீவரைத் தொட்டேன். ஒரு விரலுக்கே வந்தது. உன் கை தினமும் பட்டுப் பட்டு அதன் தலையில் ஒரு பக்கம் வழுவழுவென்று ஆகியிருக்கிறது, உனக்குத் தெரியுமா? மெக்கானிக் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

பள்ளிவிட்டு வந்த பாப்பா பார்த்துவிட்டாள். "அம்மா சீட்ட யாரு தள்ளுனது? அவங்க வந்தா எப்படி உக்காருவாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கோபம் அதிகம், அப்படியே நீதான். மூன்று வருடம் என்ற விஷயத்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நாலு டக் முன்னால் இழுத்தால் பழைய இடம்தான் என்று சமாதானம் சொன்னேன், அவள் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் சீட் நகர்கிற தண்டவாளத்தில், நான்கு டக் முன்னால், சிவப்பாக ஒரு பொட்டு. உன் மேசை டிராயரில் கிடந்த நகப்பூச்சு. காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டி வைத்திருக்கிறாள்.

நேற்றுச் சனிக்கிழமை டீச்சர் வந்தார். லீவரை அசைத்துப் பார்த்து முகம் மலர்ந்தது. விற்கவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அவ மூணு வருஷம் கழிச்சு வரேன்னு சொல்றா டீச்சர். என்னால முடியாது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தக் காலோட ரெண்டு தடவ வந்திருக்க வேண்டாம்ல?" என்றார். சொல்ல வேண்டியவங்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று போகும்போது கேட்டார். இல்லை என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து டிரைவிங் வகுப்புக்குப் போகிறேன், சிரிக்காதே. இன்று காலை சொல்லிக்கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் வண்டியிலேயே தெருமுனை வரை போய் வந்தேன். குப்பைத்தொட்டி ஒன்றுதான் சேதம். நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அந்த சீட்டிலிருந்து பார்த்தால் பக்கத்து சீட் எவ்வளவு காலியாகத் தெரிகிறது!

நீ கிளம்பிய அன்று போகாதே என்று நான் சொல்லவில்லை. போன பிறகு வா என்றும் சொன்னதில்லை. உன் மனதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தால் நீயாக வந்துவிடுவாய் என்று இருந்துவிட்டேன். பாப்பா படிப்புக்கு வழி இல்லாமல் போகாது, இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசிப்போம். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. இதை எழுத எனக்கு நாலு தாள் கிழிந்தது.

நீ வந்து இறங்குகிற அன்று வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். சீட் பின்னால் தள்ளியிருப்பதைப் பார்த்ததும் உனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யாரைக் கேட்டுத் தள்ளினீர்கள் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி திட்டு. நான் வாயைத் திறக்காமல் இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். திட்டிக்கொண்டே முன்னால் இழுத்துக்கொள். நான்கு டக். சிவப்புப் பொட்டு வைத்த இடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பக்கத்து சீட்டுக்காரன்
(நீ வரும்வரை மட்டும் டிரைவர்)